அவர் குரலுக்காக வேகம் கூட்டிய பெட்டி

என் கணவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடை வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுவது அவர் வேலை. "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க, வாங்கலன்னாலும் பரவால்ல" என்று கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை சொல்ல வேண்டும். எதிர்க்கடை ஸ்பீக்கரில் போகும் பாட்டையும் மீறிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் தீபாவளிக் கூட்டம் முடிந்ததும் குரல் கம்மிப்போகும். இஞ்சித் தண்ணீர் குடித்தால் பொங்கலுக்குள் சரியாகிவிடும். அந்த வருடம் பொங்கல் போய், தைப்பூசம் போய், சீனப் பெருநாளும் போய்விட்டது. குரல் திரும்பவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வாங்கப் போன அன்று, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் எழுந்து வந்து, நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குரல்வளையில் புற்று. முழுசாக எடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் கழுத்தில் போடும் துவாரம் வழியாகத்தான் மூச்சு.

"பேச்சு?" என்று கேட்டார் இவர்.

பயிற்சி எடுத்தால் ஏதோ ஒரு விதத்தில் பேசலாம், சிலருக்கு நன்றாகவே வரும், ஆனால் இந்தக் குரல் இருக்காது என்றார் டாக்டர். இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாமுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டே ஓட்டினார். காற்றில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

எங்கள் ஒரே மகள் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். செய்தி கேட்ட வார இறுதியில் ஒரு மைக்கோடு வந்து இறங்கினாள். அழுது வீங்கிய கண்ணோடு வந்தவள், பையை வைத்ததும் அழுகையைப் பற்றிப் பேசவில்லை. "அப்பா, உங்க குரல கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுத்துடலாம். அப்புறம் நீங்க போன்ல டைப் பண்ணா, உங்க குரல்லயே பேசும்" என்றாள்.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இணையத்தில் அனுப்பினால் செய்து தருவார்கள், தமிழ் கொஞ்சம் சுமாராக வரும் என்றாள். இவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். கடையில் கூட வேலை செய்பவரின் அக்காவுக்கு, தம்பி குரலையே நகலெடுத்துப் போன் போட்டு, விபத்தில் மாட்டிக்கொண்டேன் என்று அழுது ஏமாற்றியிருந்தார்கள். "என் குரல எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். எனக்கே இல்லாம போகப்போற சாமான், ஊரெல்லாம் சுத்தணுமா?" என்றார்.

"அப்ப வீட்டுலயே செய்யலாம்" என்றாள் மகள். அவள் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று, துணி போட்டு மூடியபடி அவள் அறையில் இருந்தது. இதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை அதில் ஏற்றினாள்.

காலையில் மட்டும்தான் அவருக்குக் குரல் தெளிவாக வரும். துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதற்குள் தலையை விட்டபடி பேசுவார். எதிரொலி வராமல் இருக்க மகள் சொன்ன யோசனை அது. முதலில் அவள் கொடுத்த வாக்கியங்கள் எல்லாம் ரேடியோ செய்தி மாதிரி இருந்தன. "மழைப்பொழிவு அதிகரிக்கும்னு நான் என்னைக்கு உங்கிட்ட சொன்னேன்?" என்று தாளை வைத்துவிட்டார். பிறகு அவரே வாய்க்கு வந்ததைப் பேசினார். பசாரில் இன்றைக்கு மீன் நன்றாக இல்லை. லிஃப்ட் மறுபடியும் கெட்டுப்போச்சு. ஏம்மா, சாவிய எங்க வச்ச. நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நடுவில் இருமல் வந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி தொடங்குவார். நாளுக்கு நாள் இருமலுக்கு இடையில் இருக்கும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

பதிவை பென்டிரைவில் வேறு எடுத்து வைத்திருந்ததால் அது தொலைந்துவிடும் என்ற பயம் இல்லை. பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகு, கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்ட மகள் அங்கிருந்தே கணக்குப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அம்மா, இது போற வேகத்துக்கு ஆப்பரேஷன் தேதிக்குள்ள முடியாது."

"முடியாட்டி என்ன? அப்புறம் முடியட்டுமே."

"அப்பா கேட்டுப் பாத்து, எந்தச் சத்தம் தப்பா வருதுன்னு சொல்லணும்மா. அத மட்டும் திரும்பப் பேசிப் பதியணும். ஆப்பரேஷனுக்கு அப்புறம் திரும்பப் பேச முடியாதில்ல."

கொஞ்சம் தயங்கிவிட்டு அவளே சொன்னாள். "ஒரு வழி இருக்கு. ஓவர்கிளாக் பண்ணலாம்."

கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசர் சிப்பை, தயாரித்தவர்கள் போட்ட வேகத்துக்கு மேலே ஓட்டுவதற்கு அந்தப் பேர். அவள் விளக்க வேண்டியதில்லை. பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் சிப் சோதிக்கும் பிரிவில் டெக்னீசியனாக இருக்கிறேன். அடுப்பு மாதிரி இருக்கும் அறைக்குள் சிப்புகளை வைத்து, அளவுக்கு மேல் மின்சாரம் கொடுத்து, சாக வேண்டியவை இங்கேயே சாகட்டும் என்று விட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. சிலது கருகிவிடும். அதைப் பற்றிக் கவலையில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, தூக்கிப் போட்டுவிடலாம். சூட்டில் உயிரோடு இருந்துகொண்டே தப்பான பதில் சொல்லும் சிப்தான் எங்களைப் படுத்தி வைக்கும்.

"வேற கம்ப்யூட்டர் கிடைக்காதா?" என்று கேட்டேன். தன் லேப்டாப் ஆபீசுடையது, அதில் இதை ஏற்ற விடமாட்டார்கள் என்றாள். புதிதாக வாங்கும் நிலைமையில் நாங்கள் இல்லை.

இவரிடம் கேட்டேன். "வெடிச்சிடுமா?" என்றார்.

"வெடிக்காது. செத்துப்போகலாம்."

"ஆப்பரேஷனுக்கும் டாக்டர் அதான் சொன்னாரு. கையெழுத்துப் போட்டுட்டு வந்தோமே" என்றார்.

காலை ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு பிற்பகலில் அதைச் செய்தேன். மகள் போனில் இருந்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போதே ஒரு விசையை அழுத்திக்கொண்டிருந்தால் ஒரு நீலத் திரை வரும். வேகம், மின்னழுத்தம், எல்லாவற்றுக்கும் அங்கேதான் எண் இருக்கிறது. ஓர் எண்ணை ஒரு படி ஏற்றினேன். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. தொழிற்சாலையில் தினமும் பார்க்கிற எச்சரிக்கைதான். ஆனால் அங்கே செத்துப்போகும் சிப்புக்குப் பின்னால் யாருடைய தொண்டையும் இருந்ததில்லை.

ஓடியது. மறுநாள் இன்னொரு படி. அன்று திரை முழுக்க நீலமாகி உறைந்து நின்றது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிய பிறகு மறுபடி ஓடியது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஹாலில் இருந்த மேசை விசிறியைக் கொண்டுவந்து நேராகத் திருப்பி வைத்தேன். அறையில் தூசி வேகும் வாடை அடித்தது. எங்கள் ஃபிளாட் பதினோராவது மாடியில். பிற்பகல் வெயில் நேராக அந்த அறைச் சுவரில்தான் விழும். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் இவர் அந்தப் பெட்டி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நடுநடுவே உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பார். "காய்ச்சல் அடிக்கிற பிள்ள மாதிரி இருக்கு" என்பார். வேலையிடத்தில் எனக்கு எந்தப் போன் வந்தாலும் அது தீப்பிடித்த செய்தியாகத்தான் காதில் விழும்.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் கூப்பிட்டார். "ஏம்மா, இது என்னமோ நான் நான்னு எழுதிக்கிட்டு இருக்கு."

போய்ப் பார்த்தேன். வழக்கமாகத் திரையில் எண்கள் ஓடும். எண் சிறுக்கச் சிறுக்கக் குரல் நெருங்கி வருகிறது என்று அர்த்தம். அன்று எண்ணே இல்லை. ஆங்கிலத்தில் என், ஏ, என் என்ற மூன்று எழுத்துதான் வரிக்கு வரி, மேலிருந்து கீழ் வரைக்கும். நான், நான், நான். இவர் அதை வாய்விட்டுப் படித்தார், அந்தக் கம்மிப்போன குரலில்.

மகளைக் கூப்பிட்டேன். அவள் அங்கிருந்தே திரையைத் திறந்து பார்த்தாள்.

"அது எண் இல்லன்னு அர்த்தம்மா. கணக்கு எங்கேயோ உடைஞ்சிருச்சு. எதனால வேணும்னாலும் வரலாம். சூட்டாலயும் வரலாம்."

"எப்பலேர்ந்து?"

"தெரியல."

அந்த 'தெரியல'தான் என்னை உலுக்கிவிட்டது. இடையிடையே சேமித்து வைத்த நிலைகள் இருந்தன, அவற்றில் ஒன்றிலிருந்து தொடரலாம் என்றாள். சரி, அவற்றில் எது நல்லது? தப்பான பதிலைச் சரியான முகத்தோடு சொல்லும் சிப்பை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றை எடுத்துப் பேச வைத்துக் கேட்டோம். ஸ்பீக்கரிலிருந்து ஒரு உறுமல் வந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும், இவர் இருமுவதற்கு முன் மூச்சை இழுப்பாரே, அது அப்படியே வந்தது. இவர் எழுந்து ஹாலுக்குப் போய், வெளிக்கதவைத் திறந்து, நடைபாதையில் நின்றுகொண்டார். நான் பின்னாலேயே போனேன்.

"ஆப்பரேஷன் முடிஞ்சி நான் அப்படித்தான் சத்தம் போடுவேனா?" என்று கேட்டார்.

"இல்லங்க, அது மெஷின் கெட்டுப்போனது" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. எனக்கே அந்த உறுமல் இரண்டு நாள் காதைவிட்டுப் போகவில்லை.

வேகத்தை ஒரு படி இறக்க முடிவு செய்தேன். இறக்கினால் நேரம் போதாது என்றாள் மகள். சூடு குறைந்தால் இறக்காமலே சமாளிக்கலாம் என்று எனக்குப் பட்டது. ப்ராசசருக்கும் மேலே இருக்கும் விசிறிக் கட்டைக்கும் நடுவில் சூட்டைக் கடத்த ஒரு பசை இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதை மாற்றியதே இல்லை, காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். டவுனில் ஒரு குழாய் பசை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைத் தரையில் சாய்த்துப் போட்டேன். கை சுடாமலிருக்க நன்றாக ஆறவிட்டேன். அதுதான் தப்பு, சூடாக இருக்கும்போதே மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. விசிறிக் கட்டையைத் தூக்கினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன். சடக்கென்று ஒரு சத்தம்.

கட்டை கையோடு வந்துவிட்டது. அதன் அடியில் ஒட்டியபடி ப்ராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. கீழ்ப்பக்கம் முழுக்க முடி மாதிரி பொன்னிறக் கம்பிகள். ஒரு மூலையில் அவை படுத்துக் கிடந்தன, யாரோ புல்லில் மிதித்துவிட்டுப் போன மாதிரி.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். கத்தினேனோ என்னவோ, இவர் ஓடி வந்தார். என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "உடைஞ்சிருச்சா?"

"வளைஞ்சிருக்கு. நிமிர்த்தும்போது ஒன்னு உடைஞ்சாலும் முடிஞ்சிது."

அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து, கடையில் ஜரிகை பார்க்க வைத்திருக்கும் சின்ன லென்ஸை எடுத்துக் கொடுத்தார். போன் வெளிச்சத்தை அவரே பிடித்துக்கொண்டார். சவர பிளேடின் முனையைக் கம்பிகளுக்கு நடுவில் விட்டு, ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினேன். வேலையிடத்தில் இதற்கென்றே மைக்ராஸ்கோப்பும் இடுக்கியும் உண்டு. இங்கே பிளேடும் லென்ஸும்தான். அவர் நெஞ்சிலிருந்து வரும் விசில் சத்தம் என் காதுக்கு அருகில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வெளிச்சம் ஆடியது.

"கொஞ்சம் மூச்சு விடாம இருங்க, லைட்டு ஆடுது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பிளேடை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்கியது. "பரவால்லம்மா. இப்பலேர்ந்தே பழகிக்கிறேன்" என்றார். பிறகு நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் அசையாமல் நின்றது. நான் ஒரு கம்பியை நிமிர்த்துவேன். அவர் மூச்சு விடுவார். அடுத்த கம்பி. அப்படியே போனது. கடைசிக் கம்பி பாதியில் வெளுத்துப்போய், தொட்டால் விழுந்துவிடும் போல நின்றது. அதை முழுசாக நிமிர்த்தாமல் விட்டுவிட்டேன்.

சாக்கெட்டில் வைத்ததும் ப்ராசசர் தானாக உட்கார வேண்டும். உட்காரவில்லை. லேசாக ஆட்டினேன். ஒரு மூலை இறங்கியது, பிறகு மற்றதும். புதுப் பசை தடவி, கட்டையை மாட்டி, மின்சாரம் கொடுத்தேன். விசிறி சுற்றியது, நின்றது. மறுபடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. இவர் என் தோளைப் பிடித்திருந்த பிடி வலித்தது. பிறகு ஒரு சின்ன பீப் சத்தம் வந்து, எழுத்துகள் ஓடத் தொடங்கின. நான் எழுந்துபோய் உலை வைத்தேன்.

சூடு நன்றாகவே இறங்கியிருந்தது. வேகத்தில் முன்பு இருந்ததைவிட அரைப்படி குறைத்தேன். ஆரம்பத்தில் எடுத்த, ஓவர்கிளாக் செய்வதற்கு முந்தைய சேமிப்பிலிருந்தே தொடங்கினோம். அது ஒன்றைத்தான் என்னால் நம்ப முடிந்தது. ஆஸ்பத்திரியில் சேருவதற்குள் மட்டுமட்டாக முடியும் என்று மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. பினாங்குக் கொடிமலைப் பக்கம் மேகம் கறுத்தாலே, இடி விழுந்து கரண்டு போய்விடுமோ என்று இருக்கும். ஒருமுறை போகவும் போனது; கடைசியாகச் சேமித்த நிலையிலிருந்து மறுபடி ஓட்டினோம். ஆனால் எண்கள் எண்களாகவே இருந்தன, சிறுத்துக்கொண்டே வந்தன.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய வாரத்தில் மகள் லீவு போட்டு வந்தாள். அவள்தான் டைப் செய்தாள். ஸ்பீக்கரிலிருந்து வந்தது: "ஏம்மா, சோறு ஆச்சா?"

நான் சமையலறையில் இருந்தேன். "இந்தா வரேன்" என்று பதில் சொல்லிவிட்டேன். பிறகுதான் அறை வாசலிலிருந்து இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்தக் குரல், நோய் வருவதற்கு முந்தைய குரலும் இல்லை, இப்போதைய கம்மிய குரலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. ஆனால் அவருடையதுதான்.

இவர் கண்ணை மூடி, திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். "லா சரியில்ல" என்றார், எங்கள் ஊர்ப் பேச்சில் வார்த்தைக்குக் கடைசியில் ஒட்டும் அந்த லாவை. "வாலா, போலா, போதும்லான்னு சொன்னா அதட்டுற மாதிரி வருது. நான் அப்படியா சொல்லுவேன்?" மறுநாள் காலையில் அலமாரிக்குள் தலையை விட்டு, முழுக்க முழுக்க அதையே பேசினார். வாலா. சாப்பிடுலா. பயப்படாதலா. கடைசியில் சத்தமே வராமல் உதடு மட்டும் அசைந்தது. மகள் மைக்கை அணைத்தாள்.

ஆப்பரேஷன் அன்று, ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது, அவர் என்னிடம் ஏதோ சொன்னார். சக்கரச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. இந்தத் தடவை நான் விடவில்லை. கூடவே நடந்து, குனிந்து, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஃபேன ஆஃப் பண்ணிட்டு வந்தியான்னு கேட்டேன்" என்றார். அவர் தொண்டையிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை.

நாள் முழுக்க எடுத்தது. பிழைத்து வந்தார்.

இப்போது அவர் கடைக்குள் இருக்கிறார். வாசலில் வேறு ஆள். போனில் டைப் செய்தால் குரல் வரும். வாடிக்கையாளர்கள் முதலில் திகைப்பார்கள், பிறகு சேலை விலையைப் பேரம் பேசுவார்கள். கம்ப்யூட்டரின் வேகத்தைப் பழையபடி இறக்கிவிட்டேன். வீட்டில் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. அந்தக் குரலுக்கு இருமல் இல்லை, மூச்சு வாங்குவதில்லை. கோபம் வந்தாலும் சிரித்தாலும் ஒரே மாதிரிதான் வரும். அடுத்த அறையிலிருந்து கேட்கும்போது அவர் எப்படி இருக்கிறார் என்று தெரியாது. எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

போன மாதம், நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனுக்கு ரிசல்ட் சொல்லும் நாள். மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்த நான் திரும்பி வருவதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கதவு மூடியிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே டாக்டர் தணிந்த குரலில் நீளமாக என்னவோ சொன்னார். பிறகு கணவரின் குரல் கேட்டது: "சரி டாக்டர். வீட்டுல சொல்லிடுறேன்."

எப்போதும் போலவே, சமமாக. மகிழ்ச்சியா, உடைந்துபோனதா, அதில் எதுவுமே இல்லை. பழைய தொண்டையாக இருந்திருந்தால் முதல் எழுத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கும். நான் எழுந்து நின்றேன். கதவுக் கைப்பிடியில் வைத்த கையைத் திருப்பவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

கதவு திறந்தது. அவர் கண்ணைத்தான் முதலில் பார்த்தேன். அது ஈரமாக இருந்தது. அதன் பிறகுதான் வாய் நிறையச் சிரிப்பு இருப்பதைப் பார்த்தேன்.